மலையாறும் ஈத்தூண்டிலும்

குளத்தங்கரையிலும் வாய்க்கால் மதகிலும் அமர்ந்து மீன் பிடிக்கும் சிறுவரைக் காணாதவர் நம் நாட்டில் இரார். மூங்கிற்கோலின் நுனியில் நரம்பைக் கட்டி, முள்ளில் மண்புழுவைக் கோத்து நீரில் இட்டு, தக்கை அமிழும் வரையில் அவர்கள் காத்திருப்பர். அங்கே புழு உண்மையான இரை. அதன் மணமும் நெளிவும் மீனை ஈர்க்கின்றன. இவ்வாறன்றி, உண்ணத்தக்க பொருள் எதனையும் முள்ளிற் கோக்காது, இறகும் நூலும் கொண்டு கட்டிய ஒரு பொய்ப் பூச்சியைக் காட்டியே மீன் பிடிக்கும் கலையும் ஒன்று உண்டு. அதனை ஈத்தூண்டில் என்று நாம் வழங்கலாம். அஃது எவ்வாறு இயல்கின்றது, அதனைப் பயில்வார் எவற்றையெல்லாம் அறிந்திருத்தல் வேண்டும், அவ்வறிவு அவர்மேற் சுமத்தும் கடமை யாது என்பனவற்றை இப்பாடத்திற் காண்போம்.

இக்கலை நேற்றுத் தோன்றியதன்று. ஏறத்தாழ 1,800 ஆண்டுகட்கு முன் உரோமப் பேரரசில் வாழ்ந்த ஈலியன் என்னும் எழுத்தாளர், மாசிடோனியா நாட்டு ஆறொன்றில் நிகழ்ந்த மீன்பிடியை விரித்துரைக்கின்றார். அவ்வாற்று மீன்கள் நீர்மேற் பறந்து திரியும் ஒருவகை ஈயை விரும்பி உண்ணும். அவ்வீயைக் கையாற் பிடித்தாலோ அதன் நிறம் கெடும், சிறகு வாடும். ஆதலின் அந்நாட்டார் சிவந்த கம்பளி நூலை முள்ளிற் சுற்றி, சேவலின் தாடியடியில் வளரும் மெழுகு நிறத் தூவிகள் இரண்டினை அதனோடு பிணைத்து, அதனை ஈயெனக் காட்டி மீனைப் பிடித்தனர். பின்னர் இங்கிலாந்தில் 1496ஆம் ஆண்டில் அச்சான ஒரு நூல், பருவத்திற்கேற்பப் பயன்படுத்தத்தக்க பொய் ஈக்கள் பன்னிரண்டனை விளக்கிற்று. நாளடைவில் இக்கலை ஐரோப்பியர் குடியேறிய நாடுகள் பலவற்றிற்கும் பரவியது.

ஈத்தூண்டிலுக்குப் பெயர்பெற்ற மீன் டிரௌட் என்பது. இது குளிர்ந்த நன்னீரில் வாழும். பழுப்பு டிரௌட் ஐரோப்பாவிற்கும் மேற்காசியாவிற்கும் உரியது. அதன் பொன்னிற மேனியிற் கரும்புள்ளிகளும் செம்புள்ளிகளும் விரவியிருக்கும். வானவில் டிரௌட் வட பசிபிக் பெருங்கடலைச் சார்ந்த ஆறுகளுக்கு உரியது. அதன் விலாவில் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று ஓடும். இவை ஏன் குளிர்நீரை நாடுகின்றன? நீரிற் கரைந்துள்ள ஆக்சிஜன் என்னும் உயிர்வளியையே மீன்கள் மூச்சாகக் கொள்கின்றன. நீர் குளிரக் குளிர அதிற் கரையும் உயிர்வளி மிகும். 10 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 11 மில்லிகிராம் உயிர்வளி கரையும். 30 பாகையில் அஃது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். நம் சமவெளி ஏரிகளில் வாழும் கெண்டைக்கு அது போதும்; டிரௌட்டுக்குப் போதாது. நீரின் வெப்பம் 20 பாகையைக் கடந்தாலே டிரௌட் தளர்ச்சியுறத் தொடங்கும்.

தென்கோளத்திலுள்ள நியூசிலாந்தில் முற்காலத்தில் டிரௌட் மீன் ஒன்றேனும் இல்லை. அது வந்த வரலாறு கதைபோற் சுவையுடையது. இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியாத் தீவிற்குச் சால்மன் மீனின் முட்டைகளைக் கொண்டுசெல்லச் சிலர் முயன்றனர். வெப்பமண்டலக் கடலைக் கடக்கும்போது முட்டைகள் அழிந்தமையால் முதன்முயற்சிகள் வீணாயின. ஜேம்சு யூல் என்பார் ஊக்கம் இழந்திலர். ஈரப்பாசியில் முட்டைகளைப் பொதிந்து, மரப்பெட்டிகளில் அடுக்கி, கப்பலினுள் அமைத்த பனிக்கட்டி அறையில் வைத்து 1864 சனவரியில் அனுப்பினார். ஏறத்தாழ ஓரிலட்சம் சால்மன் முட்டைகளோடு, நண்பர் அளித்த டிரௌட் முட்டைகள் ஏறத்தாழ 3,000 உடன் சென்றன. கப்பல் மூன்று மாதம் கடலில் ஓடியது. ஏப்ரலிற் கரை சேர்ந்த முட்டைகளிற் சில, மே மாதத் தொடக்கத்திற் பொரித்தன. பெரிதும் விரும்பி அனுப்பிய சால்மன் அங்கு நிலைகொள்ளவில்லை; உடன்சென்ற டிரௌட்டோ பல்கிப் பெருகியது. 1867 முதல் அதன் வழித்தோன்றல்கள் நியூசிலாந்தின் ஆறுகளிலும் விடப்பட்டன.

நம் நீலகிரிக்கும் இத்தகைய வரலாறு உண்டு. 1863இல் பிரான்சிசு டே என்னும் மருத்துவர் அங்கு டிரௌட்டைக் கொணர முயன்று தோற்றார். பின்னர் வில்சன் என்பாரின் முயற்சியால் வானவில் டிரௌட் அம்மலைநீரிற் காலூன்றியது. 1907ஆம் ஆண்டில் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகம் நிறுவப்பட்டது.

இனி நியூசிலாந்தின் மலையாறு ஒன்றினைக் காண்போம். அந்நாட்டுத் தென்தீவின் வடமேற்கு மூலையில் கஹுராங்கி தேசியப் பூங்கா உள்ளது. இது 1996இல் அமைக்கப்பட்டது. அதன் மலைகளினிடையே தோன்றி மேற்குக் கடலிற் கலப்பது கரமேயா ஆறு. அதன் மேற்பகுதிக்குச் சாலை இல்லை. காட்டு வழியே மூட்டை சுமந்து நாட்கணக்கில் நடந்தோ, ஹெலிகாப்டரில் இறங்கியோதான் அதனை அடைதல் கூடும். 1929 சூன் 17இல் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தில் மலைச்சரிவுகள் பெயர்ந்து வீழ்ந்து இவ்வாற்றின் குறுக்கே அடைத்தன. அதனால் உண்டான ஏரி இன்றும் அங்குள்ளது. இருகரையிலும் பீச் மரக்காடு அடர்ந்திருக்கும். சில ஆண்டுகளில் அம்மரங்கள் அளவிறந்த விதைகளை உதிர்க்கும். அவற்றை உண்டு சுண்டெலிகள் பெருகும். இரவில் ஆற்றை நீந்திக் கடக்கும் எலிகளை டிரௌட் விழுங்கிக் கொழுக்கும். அவ்வாண்டுகளில் நான்கரைக் கிலோகிராமுக்கு மேற்பட்ட மீன்களும் அகப்படுவதுண்டு. காட்டின் விதைக்கும் ஆற்றின் மீனுக்கும் உள்ள தொடர்பு எத்துணை நுட்பமானது பாருங்கள்!

எனினும் டிரௌட்டின் அன்றாட உணவு எலியன்று, பூச்சியே. ஆற்றுக் கற்களின் அடியில் பலவகைப் பூச்சிகளின் இளம்பருவங்கள் வாழ்கின்றன. அவற்றுள் தலைமையானது ஒருநாட்பூச்சி. அது நீருள் மாதக்கணக்கிற் கல்லைப் பற்றி வாழ்ந்து, பருவம் எய்தியதும் நீர்ப்பரப்பிற்கு எழுந்து, தோலுரித்துச் சிறகு பெறும். மழை பெய்த மாலையில் நம் ஊர்ப் புற்றிலிருந்து எழும் ஈசலைப்போல இதுவும் கூட்டமாகக் கிளம்பும். சிறகு பெற்ற பின் இதற்கு உண்ணும் வாயும் இல்லை. வாழ்நாளும் ஓரிரு நாளே. முட்டையிட்டதும் நீரில் வீழ்ந்து மாயும். மணலும் சருகும் ஒட்டித் தன்னைச் சுற்றிக் கூடு சமைக்கும் புழுக்களும் ஆற்றடியில் உள்ளன. கோடையில் மரத்திலிருந்து சிள்வண்டுகள் நீரில் தவறி விழும். எந்த நாளில், எந்தப் பொழுதில், எந்தப் பூச்சி, எந்தப் பருவத்தில் உள்ளது என்பது டிரௌட்டுக்குத் தெரியும். தூண்டிற்காரனும் அதனைத் தெரிந்தாக வேண்டும். ஆதலால் அவன் ஆற்றை அடைந்தவுடன் செய்யும் முதல் வேலை தூண்டில் எறிதலன்று; கரையோரக் கல் ஒன்றைப் புரட்டிப் பார்த்தலே.

கல்லடியிற் கண்ட பூச்சிக்கேற்ற பொய் ஈயை அவன் தன் பேழையிலிருந்து எடுப்பான். சிறு முள்ளின்மேல் பட்டுநூலும் விலங்கின் மயிரும் பறவைத் தூவியும் சுற்றிக் கட்டப்பட்டது அது. நெல்மணி அளவே உள்ள ஈக்களும் உண்டு. பொய் ஈ இருவகைப்படும். சிறகு பெற்ற பூச்சியைப்போல் நீர்மேல் மிதப்பது ஒன்று. இளம்பூச்சியைப்போல் நீருள் அமிழ்ந்து செல்வது மற்றொன்று. முன்னதற்கு நீர் ஒட்டாத தூவியைச் சுற்றுவர். பின்னதற்குச் செப்புக் கம்பியோ சிறுமணியோ சேர்த்துக் கனம் ஊட்டுவர்.

இவ்வீயை எறிவது எங்ஙனம்? கல்லை எறிந்தால் நெடுந்தூரம் செல்லும்; பஞ்சினை எறிந்தால் காலடியில் விழும். பொய் ஈ பஞ்சினும் நொய்யது. நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துச் செல்கின்றது. ஈத்தூண்டிலில் கனம் ஈயில் இல்லை, கயிற்றிலேயே உள்ளது. தடித்த அக்கயிற்றின் நுனியில் ஏறத்தாழ 9 அடி முதல் 12 அடி வரை நீளமுள்ள, கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய நரம்பு இணைந்திருக்கும். அதன் முனையில் ஈ இருக்கும். ஏறத்தாழ 9 அடிக் கோலைத் தூண்டிற்காரன் பின்னோக்கி விரைந்து உயர்த்தி நிறுத்துவான். கயிறு அவன் முதுகுப்புறம் காற்றில் நீளும். அது முழுதும் நீளும் வரை பொறுத்து, பின் கோலை முன்னோக்கிச் செலுத்தி நிறுத்துவான். வளைந்த கோல் நிமிரும் விசையால், கயிறு காற்றில் ஒரு சுருளாக உருண்டு முன்னே விரியும். இறுதியில் ஈ, தானே பறந்து வந்ததுபோல் நீரில் மெல்ல அமரும். இதற்கு வலிமை வேண்டுவதில்லை. காலம் அறிந்து நிறுத்தலே வேண்டும். முன்பு இக்கோலை மூங்கிற் பிளாச்சுகளை ஒட்டிச் செய்தனர். பிற்காலத்தில் கண்ணாடியிழையாலும், 1970க்குப் பின் கரியிழையாலும் செய்யலாயினர்.

எறியக் கற்றால் மட்டும் போதாது. அணுகவும் கற்றல் வேண்டும். கரமேயாவின் நீர் பளிங்குபோல் தெளிந்தது. மனிதன் மீனைக் காண்பதுபோல் மீனும் மனிதனைக் காணும். ஆற்றுமீன் நீரோட்டத்தை எதிர்நோக்கியே நிற்கும். உணவு அவ்வழியே மிதந்து வருமன்றோ? எனவே தூண்டிற்காரன் கீழிருந்து மேல்நோக்கி, மீனின் பின்புறமாக நெருங்குவான். மேலும், ஒளி நீரிற் புகும்போது வளைதலின், நீருள் இருந்து மேல்நோக்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஒரு வட்டப் பலகணியினூடே தோன்றும். அவ்வட்டத்திற்கு அப்பால் நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் ஆற்றடியையே காட்டும். தாழ்ந்திருக்கும் பொருள் அவ்வட்டத்தின் விளிம்பில் ஒடுங்கிப் புலனாகாது போகும். ஆதலின் அவன் குனிந்தும் முழந்தாளிட்டும் நகர்வான். கூழாங்கல் ஒன்று காலடியில் உருண்டாலும் அவ்வதிர்வை மீன் தன் உடலின் பக்கக்கோட்டால் உணரும். ஒருமுறை அஞ்சிய மீன் பாறையடியிற் புகுந்தால் நெடுநேரம் வெளிவாராது. மூன்று நாள் நடந்து வந்தவனும் வெறுங்கையுடன் நிற்க வேண்டியதுதான். அவன் அசையாது நிற்கும் நேரம் பார்த்து அவ்வாற்றங்கரையின் மணல் ஈக்கள் கூட்டமாக வந்து அவன் குருதியைக் குடிக்கும். பொய் ஈயோடு வந்தவனை மெய் ஈக்கள் தண்டிக்கின்றன போலும்!

மீன் எங்கே நிற்கும் என்பதையும் அவன் நீரோட்டத்தைக் கண்டே உணர்வான். விரைந்தோடும் நீரில் நின்றால் மீனின் ஆற்றல் அழியும். தேங்கிய நீரில் நின்றால் உணவு வாராது. ஆதலின் இரண்டும் கூடும் இடத்தில், பாறையின் மறைவில், அது நிற்கும். அதற்குச் சில முழம் மேலே ஈ விழ வேண்டும்; விழுந்த ஈ, நீரின் வேகத்திலேயே மிதந்து வரவேண்டும். கயிறு அதனைச் சிறிதளவு இழுத்தாலும், பூச்சி இவ்வாறு செல்லாதே என்று உணர்ந்து மீன் விலகிவிடும். ஈயை மீன் கவ்விய நொடியிலேயே கோலை உயர்த்தினால், மூடாத வாயிலிருந்து முள் வெறிதே வெளிவரும். ஆகவே, நாட்டு வாழ்த்தின் முதலடியை மனத்துள் சொல்லி முடித்த பின்னரே கோலை உயர்த்துக என்று அந்நாட்டு முதியோர் இளைஞர்க்குச் சொல்வதுண்டு.

நியூசிலாந்தில் டிரௌட்டை விற்றல் சட்டத்திற்கு மாறானது. உரிமம் பெற்றுப் பிடிக்கலாம், உண்ணலாம், பிறர்க்கு அளிக்கலாம், விலைக்கு விற்றலாகாது. முட்டையிடும் குளிர்காலத்தில் பல ஆறுகளிற் பிடித்தலும் கூடாது. தொலைவிலுள்ள மலையாறுகளிற் பிடித்த மீனைப் பலர் மீண்டும் நீரிலேயே விட்டுவிடுகின்றனர். அதற்கெனப் பின்னோக்கிய கூர் இல்லாத முள்ளையே பயன்படுத்துவர். கையை நனைத்த பின்னரே மீனைத் தொடுவர். உலர்ந்த கை பட்டால் அதன் மேனியைக் காக்கும் வழுவழுப்பு நீங்கிவிடும். மூச்சுத் தெளியும் வரை மீனை நீரோட்டத்தை நோக்கி ஏந்தியிருந்து, அது தானே நழுவிச் செல்ல விடுவர்.

இதனை எழுதும் யான் புலால் மறுத்தவன். தூண்டில் ஏந்தி அறியேன். மீண்டும் விடுவதற்காக ஓர் உயிரை முள்ளில் மாட்டுதல் தகுமோ என்னும் வினா என் உள்ளத்தில் எழாமல் இல்லை. மீன் நோவினை எவ்வளவு உணரும் என்பது குறித்து அறிஞரிடையே வழக்கு உண்டு. வழக்கு உள்ள இடத்தில் ஐயத்தின் பயனை உயிர்க்கே அளித்தல் அறம் என்பது என் துணிபு. ஆயினும் இக்கலையைக் குறித்துக் கற்றபோது, வேறொன்றும் எனக்குப் புலனாயிற்று. ஒரு பொய் ஈயைக் கட்டுதற்கு எத்தனை மெய்ப்பொருளை ஒருவன் அறிய வேண்டியிருக்கின்றது! நீரின் குளிர்ச்சி, கல்லடிப் பூச்சி, காட்டின் விதை, ஒளியின் வளைவு, மீனின் இயல்பு ஆகிய அனைத்தையும் அவன் கற்கின்றான். ஆற்றை இத்துணை நுணுகி அறிந்தவன் அதனைக் காக்கவும் கடமைப்பட்டவன் அல்லனோ?

அக்கடமையைத் தூண்டிற்காரர் சிலகால் மறந்தனர், சிலகால் நினைந்தனர். நியூசிலாந்தின் நீண்டதுடுப்பு விலாங்கு உலகில் வேறெங்கும் இல்லாதது. பல பத்தாண்டுகள் ஆற்றில் வாழ்ந்து, இறுதியில் வெப்பக் கடலுக்கு நெடும்பயணம் சென்று, ஒருமுறை முட்டையிட்டு மாயும் இயல்பினது. அந்நாட்டு மாவோரி மக்கள் தொன்றுதொட்டுப் போற்றும் உணவு. அவ்விலாங்கு டிரௌட்டைத் தின்கின்றது என்று, தூண்டிற்காரர் கழகங்கள் அதனைப் பகையெனக் கருதி முற்காலத்தில் திரளாகக் கொன்றன. வந்த விருந்துக்காக வீட்டுக்குரியவரை விரட்டிய செயலன்றோ இது? கிரேலிங் என்னும் அந்நாட்டு மீன் முற்றும் அழிந்தது. டிரௌட்டும் காடழிவும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அதனைக் காக்கும் விதி 1951இல் பிறந்தது. அதற்குள் அம்மீனைக் காண்பாரே இலராயினர்.

மறுபுறம், ஆறுகளை அணையிட்டு மறிக்காது இயற்கையாக ஓடவிட வேண்டும் என்று போராடியவருள் அதே தூண்டிற்காரர் கழகங்களும் இருந்தன. 1981இல் அதற்கு வழிசெய்யும் சட்டத்திருத்தம் வந்தது. டிரௌட்டுக்குப் புகழ்பெற்ற மட்டௌரா ஆறு 1997இல் அத்தகைய காப்பினைப் பெற்றது. 2004இல் டிடிமோ என்னும் அயல்நாட்டு நுண்பாசி தென்தீவின் ஆறொன்றிற் காணப்பட்டது. வழுக்காதிருக்க அணியும் கம்பளியடிக் காலணியின் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு அஃது ஓராற்றிலிருந்து மற்றோர் ஆற்றுக்குப் பரவும் என்று அறிந்ததும், 2008இல் அக்காலணி விலக்கப்பட்டது. இன்று ஓராற்றிலிருந்து மற்றோர் ஆற்றுக்குச் செல்பவர் தம் கருவிகளை ஆய்ந்து, கழுவி, உலர்த்திய பின்னரே செல்லுதல் வேண்டும். ஒரு காலடியின் ஈரமும் ஓர் ஆற்றைக் கெடுக்கவல்லது என்பதை அந்நாட்டார் பட்டறிந்தனர்.

மாணவர்களே! கரமேயா ஆற்றுக்கு நீங்கள் செல்லாதிருக்கலாம். தூண்டிலைத் தொடவும் வேண்டுவதில்லை. ஆனால் உங்கள் ஊர் ஓடையிலும் கற்கள் உண்டு. தெளிந்து ஓடும் நீரில் ஆழமில்லாத இடத்தில், பெரியோர் ஒருவர் துணையோடு இறங்கி, ஒரு கல்லை மெல்லப் புரட்டிப் பாருங்கள். ஒருநாட்பூச்சியின் இளம்பருவம் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தால், அந்நீர் தூய்மையாக உள்ளது என்பதற்கு அது நல்ல சான்று. ஆய்வாளர்களும் அச்சான்றினை நாடுகின்றனர். பார்த்த பின், அக்கல்லை இருந்த இடத்தில் இருந்தவாறே வைத்துவிடுங்கள். அதனடியில் ஒரு குடும்பம் வாழ்கின்றது.